புழு இல்லை என்று எழுதிய வீடு

அன்புத் தோழிக்கு,

இன்று காலை கொசுப்புழு மருந்தைக் கலக்கும்போது கையில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை. சோற்றில் கை வைத்ததும் உன் ஞாபகம். "இந்தக் கையால சாப்பிட்டா நம்ம வயித்துலயும் ஒரு புழு தங்காதுடி" என்று சிரிப்பாயே. சாப்பிடப் பிடிக்காமல் எழுந்து வந்து எழுதுகிறேன்.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற தினக்கூலி வேலை நமக்கு. அதிலும் நீ கெட்டிக்காரி. "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கு, உள்ள வராதீங்க" என்று வாசலிலேயே மறித்த டீச்சரம்மாவிடம், "சுத்தமான தண்ணியிலதான் டீச்சர் டெங்கு கொசு முட்டையிடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாய். பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாய். நெளிந்தது. அப்புறம் அந்தத் தெருவில் ஒருவரும் நம்மை மறித்ததில்லை.

ஒழுங்காக வேலை பார்த்ததே நமக்கு வினையாகப் போயிற்று. அந்த வருடம் ஊரில் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாத ஊருக்கு இத்தனை ஆள் எதற்கு என்று மேலே யாரோ முடிவெடுத்து நிதியைக் குறைத்தார்கள். நம் நாலு பேரில் மூன்று பேரை நிறுத்தினார்கள். "ஊரு நல்லாருந்தா நமக்கு வேலை இல்ல. நமக்கு வேலை இருந்தா ஊரு நல்லால்ல. எந்த மகராசன்டி இப்படி யோசிக்கிறான்?" என்று கேட்டுவிட்டு நீ நடவுக்குப் போனாய். நாலு பேர் பார்த்த தெருக்களும் என் தலையில் விழுந்தன.

ஐப்பசி அடைமழையில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ வயலிலிருந்து திரும்பியிருக்கவில்லை. ஊருக்கே புழு பிடித்துக் காட்டியவள் வீட்டிலா புழு இருக்கப்போகிறது? வாசல் கதவில் ஒட்டியிருந்த நம் சோதனை அட்டையில் "புழு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லையடி.

கொல்லையில் டிரம்மின் மூடி விலகிக் கிடந்திருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு வருகிறவளுக்கு அதைக் கவனிக்க ஏது தெம்பு? பத்து நாளில் உனக்குக் காய்ச்சல். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முற்றியிருந்தது. உன்னைக் கடித்தது எந்த வீட்டுக் கொசுவோ, யாருக்குத் தெரியும்? ஆனால் உன் டிரம்மில் புழு இருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி அட்டையைக் காட்டினார். "கையெழுத்து உங்களோடதுதானேம்மா?"

"ஆமா சார்."

"அப்ப பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒருத்தி எப்படி நாலு பேர் வேலையைப் பார்த்தாள் என்று அவரும் கேட்கவில்லை, அவருக்கு மேலே இருப்பவர்களும் கேட்கவில்லை.

நீ போன மறுவாரமே நிதி வந்துவிட்டது. தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர், புகை மருந்து. நிறுத்தியவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள். உன் இடத்துக்கும் ஒரு பெண் வந்தாள். இந்தப் பணத்தை மழைக்கு முன்னால் அனுப்பியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்றார். "நல்லா பாத்துட்டுப் போங்க" என்றார். குத்திக்காட்டினாரா, சாதாரணமாகச் சொன்னாரா, தெரியவில்லை. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நேற்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், காய்ச்சல் குறைந்துவிட்டதாம். மாதக் கடைசியோடு எல்லாரையும் நிறுத்துகிறார்கள், இந்தத் தடவை என்னையும். அப்புறம் யார் சார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "மறுபடி காய்ச்சல் வந்தா கூப்பிடுறோம்மா" என்றார் ஆபீசர்.

யாருக்கு வந்தால் என்று நான் கேட்கவில்லை. எல்லாத் தெருவுக்கும் போக என்னால் ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் உன் வீட்டுக்கு மட்டும் போவேன். அவர் என்ன நினைத்தாலும் சரி, கொல்லை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.