பத்தடிக்கு அப்பால் பார்த்தவை

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அம்மாவும் நலம், ஆனால் இந்த வாரம் முழுக்கத் தனித்தனியாகத்தான் நலமாக இருந்தோம். அங்கே நீங்கள் நால்வரும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் வலது கண் புரைக்கு நாள் குறித்துவிட்டார்கள், வருகிற புதன்கிழமை. கண்ணில் லேசாகச் சிலிண்டர் பவரும் இருக்கிறது, கருவிழி பந்துபோல் இல்லாமல் சற்றுக் கோணலாக இருக்கிறது, சாதா லென்ஸ் வைத்தால் தூரப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும், மூன்று மடங்கு விலையில் டோரிக் லென்ஸ் வைத்தால் அந்தக் கோணலையும் அப்போதே சரிசெய்துவிடலாம், உங்களுக்கு இருப்பது கொஞ்சம்தான், எதை வைத்தாலும் தப்பில்லை, யோசித்து அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. நாற்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவனிடம், எதை வைத்தாலும் தப்பில்லை என்று சொன்னால் அவன் எப்படித் தூங்குவான், நீயே சொல்.

ஆகவே ஒரு நோட்டு வாங்கினேன். கூடுதல் விலையை நான் இனி உயிரோடிருக்கும் நாட்களால் வகுக்க வேண்டும். எத்தனை நாள் என்று டாக்டரம்மாவையே கேட்டேன், நான் கண்ணுக்கு மட்டும்தாங்க டாக்டர் என்றுவிட்டார். பத்து வருடம் என்று நானே போட்டேன், பேராசையாகத் தோன்றியது, ஒன்பதாகக் குறைத்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, தூங்குற நேரத்தக் கழிச்சீங்களா என்றாள். மதியத் தூக்கத்தையும் சேர்த்துக் கழித்தேன். அடுத்து, தூரத்தில் நான் எதைத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்தால்தானே லாபம் தெரியும். ஏழு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்தடிக்கு அப்பால் பார்த்ததையெல்லாம் குறித்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நாற்பத்தொரு தடவை. பஸ் நம்பர் ஆறு தடவை, அதில் நான்கு தப்பு. உன் அம்மா இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தெளிவு எவ்வளவு தேவை என்று ஒரு கட்டம். பஸ்ஸுக்கு 'மிக அவசியம்'. தொட்டிக்கு 'ஓரளவு, நிரம்பி வழிவது தெரிந்தால் போதும்'. உன் அம்மாவுக்கு 'தேவையில்லை, குரலே போதும்'. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லையம்மா, கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமே என்றுதான் எழுதினேன்.

திங்கட்கிழமை நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் பிழை. வந்தபோது அவள் படித்து முடித்திருந்தாள். தண்ணித் தொட்டிக்கும் கீழ போயிட்டேனா நான் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எண்ணிக்கையில் நீதான் முதலிடம் என்று விளக்கினேன். அதோடு பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் என் கணக்கின் அஸ்திவாரமே ஆடிவிட்டது, குரல் இல்லாத உன் அம்மாவை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் காலை, கண்ணாடி மாட்டுமுன், கொல்லைப்புறத்தில் அவள் நிற்பதைப் பார்த்து, கதவோரமாகவே நின்று மன்னிப்புக் கேட்டேன். மணமான நாளிலிருந்து எனக்காக அவள் பட்டதையெல்லாம் வருட வாரியாகச் சொன்னேன். அது கொடியில் காய்ந்த போர்வை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் மதில்மேல் தலையை நீட்டி, அம்மா கடைக்குப் போயிருக்காங்க சார், ஆனா ரொம்ப நல்லா சொன்னீங்க என்றார். உள்ளே போய் 'தேவையில்லை' என்பதை அடித்து 'மிக மிக அவசியம்' என்று திருத்தி, விதிப்படி பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, நோட்டைத் திறந்தே வைத்தேன். அவள் அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். டோரிக்கே வையுங்கள் என்றேன். காரணம் கேட்டார் டாக்டரம்மா, குடும்ப நிலவரம் என்றேன். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். சாதாவே வையும்மா, நாப்பத்தாறு வருஷம் நல்ல கண்ணாலதான என்னப் பாத்தாரு, காதுல தோடு மாத்தினா என்னிக்காவது கண்டாரா, கோணல் கண்ணுல இல்ல என்றாள். டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் 'சாதா' என்று எழுதிக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு முழத் தூரத்தில், புரையோடும் கோணலோடும் பார்த்தேன், அவளுடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். நீங்க ரிட்டயர் ஆன வருஷத்துல இருந்து என்றாள். பன்னிரண்டு வருடம், மகளே. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக் கண்ணாடிக் கடைக்குப் போய் அவளுக்குப் புது பிரேம் சொல்லிவிட்டோம், பேரம் அவள்தான் பேசினாள், குரல் கடைக்கு வெளியே வரை கேட்டது, எனக்கு உயிர் வந்தது.

புதன்கிழமை என்னைக் கூப்பிட வேண்டாம், அம்மாவைக் கூப்பிடு, சொட்டு மருந்து அவள் கையில். மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசிகள், பிள்ளைகள் இருவரும் எல்லாம் பெற்று நன்றாக இருக்கட்டும். மறக்காமல் உன் கண்ணையும் ஒருமுறை சோதித்துக்கொள், இந்தக் கோணல் பரம்பரையாகவும் வரலாமாம். எந்தக் கோணல் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா