உங்க சாமி எப்ப லீவு குடுக்கும்?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு தறி கூட ஓடவில்லை, எங்கள் தறியைத் தவிர.

காலையிலேயே பாதித் தெரு சர்வதீர்த்தக் குளத்துக்குப் போய்விட்டது, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட. நானும் என் வீட்டுக்காரரும் தறியில் உட்கார்ந்தோம். மற்ற நாளில் பத்துத் தறிச் சத்தத்தில் எங்கள் சத்தம் தெரியாது. இன்றைக்கு ஒவ்வொரு அடியும் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் அவருக்கும் ஆசை.

மத்தியானம் எதிர்வீட்டுத் தில்லையம்மாள், வாங்கிப் போன சல்லடையைக் கொடுக்க வந்தாள். கொஞ்ச நேரம் நின்று எங்களைப் பார்த்தாள்.

"ஏம்மா சங்கீதா, எங்க சாமி மாசத்துல ஒரு நாளு தறிய நிறுத்தச் சொல்லுது. உங்க சாமி எப்பதாம்மா லீவு குடுக்கும்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அவர் தலையைத் தூக்காமலே, எங்களுக்கு எல்லா நாளும் பரிசுத்தமான நாள்தான் என்றார். சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். சாயங்காலம் வரை இருந்தது. இப்போதும் கோபம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது.

ஜூலை 25, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

முன்பு அமாவாசை என்றால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வேன், வடை சுடுவேன், மத்தியானம் பாயை விரித்துப் படுப்பேன். சாமி கும்பிட்டேனோ இல்லையோ, தூங்கினேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகு அவர் சொன்னார் — அந்த நாளுக்குப் பயப்படுகிற காலம் போச்சு, நம் தறி ஓடுவதுதான் தெருவுக்குச் சாட்சி. அமாவாசைக்குப் பதில் நமக்கு ஞாயிறு இருக்கிறது என்றும் சொன்னார்.

சாட்சி அவருக்கு. தோள்பட்டை வலி எனக்கு. நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை, உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நடுவில் நூல் ஓட்டுகிற நாடாவை அவர் போட்டால் கரை நாடாவை நான் போட வேண்டும். நான் எழுந்துவிட்டால் தறி நின்றுவிடும். சாட்சியும் நின்றுவிடும். இது அவருக்குத் தெரியுமா?

எனக்கும் ஒரு சாட்சி உண்டு. யாரும் மேடைக்குக் கூப்பிட்டுக் கேட்டதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் குடித்துக் குடித்து வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வராந்தா பெஞ்சில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு அம்மா, யார் என்றே தெரியாது, என் தலையில் கை வைத்தாள். "இவ தூங்கி ரொம்ப நாளாச்சு ஆண்டவரே, கொஞ்சம் தூங்க வையுங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பட்டப்பகலில், அத்தனை கூட்டத்தில், அந்தப் பெஞ்சிலேயே தூங்கினேன். எழுந்தபோது முகம் நனைந்திருந்தது.

அவர் பிழைத்தார், குடியை விட்டார். அதற்கும் நன்றி. ஆனால் நான் விசுவாசித்தது அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவரை. அவரைத் தேடிப் போன இடத்தில் இத்தனை வேலை இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சபைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நாலு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமை அதற்குள்தான். தாமல், மாகறலிலிருந்து பஸ் ஏறி வருகிற விசுவாசிகளுக்குச் சாப்பாடு. பிரசங்கம் எனக்குக் கத்திரிக்காய் நறுக்கும்போது ஸ்பீக்கரில் வரும். மிக்சி ஓடினால் அதுவும் வராது.

இன்றைக்குப் பிரசங்கம் இளைப்பாறுதலைப் பற்றி. சுமை சுமக்கிறவர்களை ஆண்டவர் தம்மிடம் வரச் சொன்னாரே, அது. பாஸ்டர் ஜெயக்குமார் நன்றாகத்தான் பேசினார். கடைசியில் அறிவிப்பு — ஆகஸ்ட் பதினைந்து தொடங்கி மூன்று நாள் "இளைப்பாறுதல் பெருவிழா". மூன்று நாளும் சாப்பாட்டுப் பொறுப்பு சிஸ்டர் சங்கீதா.

கைதட்டினார்கள். என்னைக் கேட்டார்களா? கொட்டகையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டேன். 'முடியாது' என்று ஸ்பீக்கரிடம் சொல்ல முடியுமா?

ஜூலை 30, புதன்

தறியில் தலை சுற்றியது. நாடா கை தவறி விழுந்தது. கவனம் எங்கே என்று கேட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

ஆஸ்பத்திரி. பிரஷர் அதிகம். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஓய்வு எடுக்கிறீர்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் பயந்துவிட்டாள்.

வீட்டில் அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். கண்ணீரோடுதான் ஜெபித்தார், பொய் சொல்லக் கூடாது. ஆமென் சொல்லி முடித்து, ஆவணி முகூர்த்தப் புடவை, இருட்டுவதற்குள் முந்தியை முடித்துவிடலாமா என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஒரு ஓடை, பச்சைப்புல், அதில் ஒரு ஆடு படுத்திருக்கிறது. அந்த ஆட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெருவிழா முடிந்தது. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முதல் நாள் அவர் மேடை ஏறிச் சாட்சி சொன்னார். ஊரே அடங்கிக் கிடக்கும் அமாவாசையில் எங்கள் தறி மட்டும் கர்த்தருக்காக ஓடுகிறது என்றார். அல்லேலூயா என்று கூட்டம் முழங்கியது. என் தறி! அவரு ஒரு கையா ஓட்டுறாரு அத? எம்பேரு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வந்துச்சா?

இன்றைக்குக் கடைசி நாள். சென்னையிலிருந்து வந்த பிரசங்கியார், யார் யார் ஓய்ந்து போயிருக்கிறீர்களோ எழுந்து முன்னால் வாருங்கள், இப்போதே வாருங்கள் என்று கூப்பிட்டார். அது என்னைக் கூப்பிட்ட குரல்தான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசல் வரை வந்துவிட்டேன். பாஸ்டரம்மா எதிரே வந்தார்கள்.

"சிஸ்டர், ரசம் பொங்குது பாருங்க."

திரும்பிப் போய் அடுப்பைக் குறைத்தேன். முன்னால் போனவர்கள் அழுது, பாரம் இறங்கி, வரிசையில் வந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். ஒரு அண்ணன், பெரிய சமாதானம் கிடைத்தது சிஸ்டர் என்று சொல்லி இன்னொரு அப்பளம் கேட்டார்.

குடுத்தேன். நொறுக்கிப் போடணும்னு இருந்துச்சு, முழுசாத்தான் குடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

யாரிடமும் பேசவில்லை. ஆண்டவரிடமும்.

ஆகஸ்ட் 20, புதன்

பெருவிழாக் குண்டான்கள் கழுவாமல் கிடக்கின்றன என்று போன் வந்தது. சாவி என்னிடம்தானே இருக்கிறது. அதைக் கொடுத்து வைத்ததைக் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் போனேன். யாரும் இல்லை. கொட்டகைக்கு சபை வழியாகத்தான் போக வேண்டும். பாதி வழியில் நின்றேன். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. துடைத்துப் போட்டிருக்கிறேன், அடுக்கியிருக்கிறேன். உட்கார்ந்ததில்லை. இந்த நாலு வருஷத்தில் ஒரு ஞாயிறு கூட.

முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஃபேன் போட்டுக்கொண்டேன், எனக்காக மட்டும். முழங்கால் போடவில்லை, பாடவில்லை. என்ன ஜெபிப்பது என்று யோசித்தேன். மகளுக்காக, அவருக்காக, பிரஷருக்காக என்று வழக்கமாக நீளமாகக் கேட்பேன். இன்றைக்கு அதையெல்லாம் தூக்க எனக்குத் தெம்பில்லை.

"நான் எதுவும் கேக்க வரல ஆண்டவரே. உக்கார வந்தேன்."

அவ்வளவுதான் ஜெபம். சத்தமாகவே சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. ஃபேன் சுற்றியது. தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின, அவை அத்தனை நாள் தூக்கியே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் என்னோடு இருந்தவர் இங்கேயும் இருந்தார். அவருக்கு என்னிடம் வேலை எதுவும் ஆக வேண்டியதில்லை. அழுதேனா, தூங்கினேனா, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

குண்டான்களைத் தொடாமல் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அமாவாசை. தறியில் உட்கார மாட்டேன் என்றேன்.

"நாம நிறுத்துனா, பயந்துட்டாங்கன்னு தெருவே சொல்லும்."

"பயந்து நிறுத்தலங்க. ஓஞ்சி போயி நிறுத்தறேன்."

அவர் தானே இரண்டு நாடாவும் போட்டுப் பார்த்தார். கரை நாலு விரல் அளவு கூடப் போகவில்லை, நூல் கொசகொசவென்று நின்றது. பிரிக்க உட்கார்ந்தார். பிறகு கரை நாடா போட ஆள் தேடித் தெருவுக்குப் போனார். அமாவாசையில் எந்த வீட்டு ஆள் தறிக்கு வருவான்? திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பாஸ்டரைக் கூட்டி வந்துவிட்டார். காபி கொடுத்தேன். பிரதர் மனசு உடைந்து வந்தார், அமாவாசை நமக்கு எதற்கு சிஸ்டர் என்று மெதுவாகத்தான் தொடங்கினார். அது எனக்கும் வேண்டாம், ஆனால் உட்கார ஒரு நாள் வேண்டும், எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஞாயிறு ஆண்டவருடைய நாளாயிற்றே என்றார்.

"அன்னிக்கி நான் எங்க இருக்கறேன்னு உங்களுக்குத் தெரியும் பாஸ்டர். பெருவிழாவுல எல்லாரையும் முன்னால கூப்ட்டாங்க. நானும் வந்தேன். ரசத்துக்குத் திருப்பி அனுப்பிட்டீங்க. உலகத்த உண்டாக்கினவரே ஏழாம் நாளு ஓய்ஞ்சி இருந்தாரு. அன்னிக்கி அவருக்கு யாரு சாம்பார் வெச்சாங்க?"

அவர் என்னை அடக்கப் பார்த்தார். பாஸ்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். டம்ளரைக் கீழே வைத்தார். கடைசியில், ஜெபிக்கிறேன் சிஸ்டர் என்று எழுந்தார்.

ஜெபிக்கட்டும். சாவியைப் பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். முழுப் பிரசங்கமும் கேட்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லாருடைய பார்வையும் பின்பக்கம் போனது. வாசனையே இல்லை. பாஸ்டரம்மா பிஸ்கட் வாங்கி வர ஆள் அனுப்பினார்கள்.

அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. ஆனால் தாமல் அங்கம்மாள் அக்கா, முதல் பஸ்ஸுக்குப் பசியோடு வருகிறவள், குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது சரிதானா? அவள் பட்டினிக்கு நான் மட்டுமா பொறுப்பு? அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களே.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அங்கம்மாள் அக்கா தூக்கில் புளிச்சோறு கொண்டுவந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மூடியில் எனக்கும் போட்டாள்.

"இத்தினி வருசமா உங்கையால துன்னுக்கினு இருக்கறேன். நீ துன்னு நான் பாத்ததே இல்லியேம்மா."

போன வாரம் முழுக்க அவளை நினைத்து நான் தவித்ததைச் சொன்னேன். போம்மா என்று இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

பாஸ்டர் எழுந்து, இனி சமையல் ஆண்களுக்கு முறை வைத்து நடக்கும், முதல் முறை தன்னுடையது என்று அறிவித்தார். பெருவிழாக் குண்டான்களை அவரே கழுவினாராம். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. முதலில் நடக்கட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பாஸ்டர் வைத்த ரசத்தைக் குடித்தேன். ஆண்டவர் பொறுமையுள்ளவர்.

செப்டம்பர் 10, புதன்

சாவி இல்லை, ஆனால் பாஸ்டரம்மாவே சபைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பிரஷர் குறைந்திருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்றாள் டாக்டர். அதுவும் செய்யட்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்துவிட்டது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை, எங்களுடையதும்.

இன்றைக்குச் சமையல் முறை அவருடையது. ஆராதனை முடிந்து சாப்பிட்டு நான் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து பாயை விரித்துவிட்டேன். தில்லையம்மாள் எட்டிப் பார்த்து, இன்றைக்கு லீவு எங்கள் சாமி கொடுத்ததா, உங்கள் சாமி கொடுத்ததா என்று கேட்டாள். எங்கள் சாமி ரொம்ப நாளாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், வீட்டுக்குத்தான் வந்து சேரவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள்.

பாத்திரமெல்லாம் கழுவி முடித்து அவர் வர வெயில் இறங்கிவிட்டது. நாடா பிடிக்கிற விரலில் துணி சுற்றியிருந்தது, கத்திரிக்காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டாராம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு வாரமும் இதையா செஞ்சிக்கினு இருந்த?"

எனக்கு உள்ளே எத்தனையோ பதில் வரிசை கட்டி நின்றது. நாலு வருஷத்துப் பதில். ஒன்றையும் எடுக்கவில்லை. கோபம் போய்விட்டது என்று இல்லை, எழுந்து நின்று சண்டை போட அலுப்பாக இருந்தது.

அவர் காலண்டரைப் பார்த்தார்.

"அடுத்த அமாவாசை செவ்வாக்கிழமையில வருது. இன்னா பண்ணலாம் சங்கீதா?"

என்னைக் கேட்டார். தறியைப் பற்றி, என்னை.

"அத அன்னிக்கிப் பாத்துக்கலாம். இப்ப படுங்க."

பாயில் நகர்ந்து இடம் விட்டேன். படுத்த உடனே தூங்கிவிட்டார். நான் கொஞ்ச நேரம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் எதுவும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.