கசிந்த பிரேக் பைப்

அன்பு மகன் முத்தமிழ்செல்வனுக்கு, பாடாலூரிலிருந்து அம்மா எழுதுவது. செட்டிகுளத்து முருகன் தயவில் நானும் அப்பாவும் சுகம், மஸ்கட் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாயா. போனில் சொன்னால் நம் பட்டறையில் நிற்பவர்கள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த மிஷின், அதுதான் பிரேக் பைப்பின் வாயைப் புனல் மாதிரி விரிக்குமே, அது ஆயுத பூசைக்குப் பிறகு சரியாக ஓடவில்லை, வாய் ஒரு பக்கம் பெருத்தும் ஒரு பக்கம் சிறுத்தும் வந்தது. பூலாம்பாடி வேன்காரர் நம் பைப்பை மாட்டி பிரேக்கை மிதித்தால் ஆயில் கசிகிறதாம், "யாரைக் கொல்லப் பாக்குறீங்க"ன்னு வாசலில் நின்று கத்தினார். எனக்கு உடனே நம்மிடம் வேலை செய்கிற இளையபெருமாள் மேல்தான் சந்தேகம், அந்த மிஷினைத் தொடுகிறவன் அவன் ஒருவன்தானே. பெரம்பலூரில் புதுப் பட்டறை போட்டவர்கள் அவனைக் கூப்பிடுவதாகவும் கேள்விப்பட்டிருந்தேன், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். நான் உள்ளே போனால் போனை வைத்துவிடுவான், சிரித்தால் இவன் ஏன் சிரிக்கிறான் என்று தோன்றும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் எல்லார் முன்னாலும், "மிஷின் செட்டிங்கை மாத்தி வச்சுட்டு நல்லவனாட்டம் நிக்கிறியா"ன்னு கேட்டேவிட்டேன். "நான் எதுக்குக்கா மாத்தப் போறேன்"னு மட்டும் சொல்லி, பட்டறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மடியில் கனம் இல்லாதவன் இப்படிப் போவானா என்று அப்பாவிடம் சாதித்தேன்.

அவன் என்ன கோளாறு பண்ணினான் என்று கண்டுபிடிக்க மறுநாள் நானே உட்கார்ந்தேன். பைப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற அச்சுக்குள் மஞ்சளாக ஒரு பொருக்கு, நகத்தால் சுரண்டினால் சந்தனம்டா! பூசையன்று பொட்டு வைக்கிறேன் என்று அச்சுக்குள்ளேயும் நான்தான் அப்பியிருக்கிறேன். அது காய்ந்து இறுகி, அச்சு முழுசாக மூடாமல், அழுத்தும்போது பைப் நழுவியிருக்கிறது. துடைத்துவிட்டு ஒரு பைப் போட்டேன், வாய் வட்டமாக வந்தது.

வேன்காரருக்கு வேறு பைப் மாட்டிக் கொடுத்தாயிற்று. இளையபெருமாள் வூட்டுக்கே போய் "தப்பு என் மேலதாம்பா"ன்னு சொன்னேன், வந்துவிட்டான். ஆனால் நான் பக்கத்தில் நின்றால்தான் மிஷினைத் தொடுகிறான். "நீங்க பாத்துக்கிட்டே இருங்கக்கா, நாளைக்கு ஒரு பேச்சு வேணாம்"ங்கிறான். அடுப்பில் உலை கொதித்தாலும் நான் போய் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். திட்டினால்கூடத் தாங்குவேன், மரியாதையாகச் சொல்கிறான்டா.

நீயாவது அவனுக்கு ஒரு போன் போட்டுப் பேசு. இதை மஸ்கட்டுக்கு வருகிற உன் சித்தி மகள் பானுப்ரியாவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், உறையைப் பிரித்துப் பார்த்தாரா என்று கவனி. வேண்டாம், விடு, கவனிக்காதே. நோய் நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அம்மா புவனேஸ்வரி