உன் அப்பா சாக மறுத்த கோடை

அன்பு மகள் மார்லிஸுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஸ்காட்லாந்து மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? இங்கே பெரிய சேதி, மேய்ச்சல் மேட்டில் நம் ஊர் கௌபாய் பாட்டு நாடகத்தை மறுபடி போடுகிறார்கள், அப்பாவையே திரும்பவும் வில்லனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று முதல் குளியலறையில் ஒரே கர்ஜனை, நாய் கொட்டகைக்குக் குடிபோய்விட்டது. அதில் அப்பாவும் தெய்ன் மாமாவும் சேர்ந்து நடித்தார்களாமே, சொன்னதே இல்லையே என்று போனில் கேட்டாய் அல்லவா, போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ மாமா மாமா என்று சுற்றி வந்த அந்தத் தெய்ன் அப்போது நமக்கு ஜென்ம விரோதி. அவர் நிலம் மேலே, நம்முடையது கீழே, நம் தண்ணீர் முறை வரும்போதெல்லாம் அவர் பக்கத்து வாய்க்கால் மதகு மூடியே கிடக்கும். அப்பா போய்க் கேட்டால், "தண்ணி வந்துக்கிட்டுதான் இருக்கு ஆர்வெல், உன் பயிருக்குத்தான் குடிக்கத் தெரியல" என்பாராம். கண்ணெதிரே மாட்டுத் தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் கருகியது, இன்னொரு வருஷம் இப்படிப் போனால் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தோம். இந்த லட்சணத்தில் நாடகம் நடத்திய பியூலா டீச்சர் தெய்னை ஷெரீஃபாகவும் அப்பாவைக் கொள்ளைக்காரனாகவும் போட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "நடிக்கவே வேண்டாம் லாரூ, அப்படியே முறைச்சா போதும்" என்றாள். நாடகத்தில் நான் மதுக்கடைக்காரி, நீ அப்போது என் வயிற்றில், வாராவாரம் என் பாவாடையைப் பிரித்துத் தைத்தே அவள் சலித்துப்போனாள்.

கடைசிக் காட்சியில் ஷெரீஃப் சுட வேண்டும், கொள்ளைக்காரன் விழ வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா விழுந்தால்தானே! குண்டு பட்டதும் தள்ளாடுவார், தூணைப் பிடிப்பார், தானே கட்டிய பாட்டில் இன்னொரு அடி பாடுவார், வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்திருக்கும் ஜனம் விசிலடிக்கும். தெய்ன் மறுபடி சுட்டுவிட்டு, "செத்துத் தொலைய்யா" என்று பல்லைக் கடிப்பது எனக்கு மட்டும் கேட்கும். "தண்ணி விடு, சாகறேன்" என்பார் அப்பா.

கடைசி நாள் ஆட்டத்துக்குத் தெய்னின் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள், மகன் நடித்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தெய்ன் துப்பாக்கியை உருவி அழுத்தினார், டக்கென்று ஒரு சத்தம், வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் டக். எங்கோ ஒரு மாடு கத்தியது, பின்னால் யாரோ சிரித்தார்கள். தெய்னுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அப்பாவின் இடுப்பில் ஒழுங்காக வெடிக்கிற நாடகத் துப்பாக்கி இருந்தது, எடுத்துச் சுட்டால் ஜில்லா முழுக்கத் தெய்னை ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கும். எடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் அந்தக் கிழவரை ஒரு பார்வை பார்த்தார். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, இவன் பார்வையே குண்டா பாயுதே!" என்று அலறியபடி தொப்பென்று விழுந்தார், பாட்டும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. ஜனம் எழுந்து நின்று தட்டியது. பிணத்தின் மேல் காலை வைத்துப் பாட வேண்டிய தெய்ன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "பாடித் தொலைய்யா, கழுத்துல எறும்பு கடிக்குது" என்றது பிணம். அப்புறம்தான் பாடினார்.

மறுநாள் காலை வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று வந்தது, பின்னாலேயே தெய்ன் மண்வெட்டியோடு வந்து சேறு அள்ளினார். நேற்று ஏன் விழுந்தாய் என்று அவர் கேட்க, "செத்தவன்கிட்ட கேள்வி கேட்காதே" என்று இவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், எனக்கும் அதே பதில்தான்.

காட்டுச் செர்ரி ஜாம் அனுப்பியிருக்கிறேன், மூடி இறுக்கமாக இருக்கும், பல்லால் திறக்காதே. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்து, இந்தத் தடவையாவது முழங்காலை நினைத்து மெதுவாக விழச் சொல்லு, நான் சொன்னால் கேட்கமாட்டார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா லாரூ