ஒளியை முந்திய உருண்டை

1928 நவம்பர் 12, திங்கள்
மழை. எலெக்ட்ரானுக்குச் சுழற்சி உண்டு என்று ஐரோப்பாவில் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. எது சுழல்கிறது என்று கேட்டால் மட்டும், மனசில் படம் போடாதே, கணக்கைப் பார் என்கிறார்கள். அதெப்படி? சுழல ஒரு உருண்டை வேண்டாமா? பூமி சுழலவில்லையா? மின்சாரம் ஏறிய சின்ன உருண்டை, அவ்வளவுதான் சங்கதி! கட்டுரையை முடித்துவிட்டேன். ஜனவரியில் மெட்ராஸ் விஞ்ஞான மாநாட்டில் வாசிக்கணும். காலேஜில் இத்தனை வருஷம் பிசிக்ஸ் நடத்தியதற்கு இது போதும். ஸ்தோத்திரம் ஆண்டவரே.

நவம்பர் 18
சபையில் என் கட்டுரைக்காக ஜெபித்தார்கள். கூச்சமாக இருந்தது. பிடிக்கவும் செய்தது.

நவம்பர் 24, சனி
என் வீட்டுக்காரி ராகேலின் தம்பி ஆபேல் திருவனந்தபுரத்திலிருந்து வந்தான். அங்கே கணக்கு வாத்தியார். கட்டுரையை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.
"அத்தான், இந்த உருண்டை என்ன வேகத்துல சுத்தணும்னு பாத்தியளா?"
பார்க்கவில்லை.
"இவ்வளவு சின்ன உருண்டைன்னா, அதுக்க விளிம்பு வெளிச்சத்தைவிட நூறு மடங்குக்கு மேல வேகமா ஓடணும். வெளிச்சத்தை எதுவும் முந்தாதுன்னு நீங்கதானே சொல்லுவிய?"
எனக்குக் கோபமும் வெப்ராளமும் வந்துவிட்டன. "போலே! எனக்குப் பேரு வந்துருமோன்னு ஒனக்கு அசூயை" என்று கத்தினேன். சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டான். ராகேல் அவனுக்கென்று வைத்த மீன்குழம்பை மூடி வைத்தாள்.

நவம்பர் 25
கணக்குப் போட்டேன். நூற்றெழுபது மடங்கு. படுபாவி சொன்னது சரி! உருண்டையைப் பெரிசாக்கினால் வேகம் அடங்குகிறது, ஆனால் மற்றச் சோதனைகளெல்லாம் பொய்யாகின்றன. போச்சு. எல்லாம் போச்சு.
இதையா அத்தனை பெரியவர்கள் முன்னால் நின்று வாசிக்க இருந்தேன்? ஐயோ! மானத்தைக் காப்பாற்ற வந்தவனை விரட்டியடித்தேனே, நான் மனுசனா?

நவம்பர் 27
திருவனந்தபுரம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லணும் என்று யோசித்து வைத்திருந்தேன். ஆபேல் கதவைத் திறந்தான்.
"ஏலே, நூத்தி எழுவது" என்றேன்.
"நூத்தி எழுவத்தொண்ணு அத்தான். உள்ள வாங்க, சாப்பிடலாம்."
அழுதுவிட்டேன்.

டிசம்பர் 3
கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பவில்லை. வகுப்பில் ஒருவன் கேட்டான், "அப்போ எதுதான் சார் சுத்துது?" தெரியாதப்பா என்றேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

1929 ஜனவரி 6, ஞாயிறு
மெட்ராஸ் போகாமல் சபைக்குப் போனேன். ஆபேலும் வந்திருந்தான். நன்றிக்கான ஸ்தோத்திர காணிக்கையை, காரணம் எழுதிய உறையில் போட்டேன். யார் எதற்காகப் போட்டார்கள் என்று டீக்கனார் தங்கையன் உரக்க வாசிப்பது வழக்கம். என் உறையைப் பார்த்து முழித்தார், கிட்டே வந்து, "சார், கணக்கு சரியா வந்ததுக்குன்னு வாசிக்கட்டா?" என்று காதில் கேட்டார்.
"இல்ல. எழுதினபடியே வாசியும்."
"கணக்கிலிருந்த தப்பை மச்சினன் காட்டித் தந்ததற்காக" என்று வாசித்தார்.
பெண்கள் பக்கத்திலிருந்து ராகேல்தான் முதலில் ஆமென் சொன்னாள்.