ஊர்ப் பதில்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, உனக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். அங்கே குளிர் இறங்கிவிட்டதாக எழுதியிருந்தாய், காலுறை போடாமல் தரையில் நடக்காதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. மேல்முறையீட்டில் நாம் தோற்றதை அப்பா போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டு உன் ஊரில் பனி எவ்வளவு என்று விசாரிக்கப் போய்விட்டார். எப்படித் தோற்றோம் என்று நீயும் கேட்கவில்லை. ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைக் கடைசிவரை படி.

கை போன கதை உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். அட்டைப்பெட்டி ஆலையில் வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று மேற்பார்வையாளர் வெட்டு இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றிவைக்கச் சொன்னார், அப்பா கழற்றினார், வலது கையில் மூன்று விரல் போயிற்று. முதல் கோர்ட்டில் தவறு முழுக்க ஆலையின்மேல்தான் என்று நமக்கு நஷ்டஈடு தீர்ப்பானது. ஆலைக்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்தத் தீர்ப்பு அப்படியே நின்றிருந்தால் தம்பி படிப்பை முடித்திருப்பான், வீட்டில் நாங்கள் அதைத்தான் நம்பியிருந்தோம். அந்த நேரத்தில்தான் நீ படித்த பல்கலைக்கழகத்தில் வருஷாவருஷம் சட்டமும் பொதுவாழ்வும் பற்றி நடக்கிற சொற்பொழிவு வரிசைக்கு, உன் பழைய பேராசிரியர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேசி முடித்ததும், அந்த விஷயத்தை அனுபவித்த ஊர்க்காரர் ஒருவர் மேடையேறிக் கொஞ்ச நேரம் பேசி, சபையின் கேள்விகளுக்கும் பதில் சொல்வது அங்கே வழக்கமாம், அதற்கு ஊர்ப் பதில் என்று பெயர். இந்த வருஷம் தலைப்பு வேலையிடத்தில் ஏற்படும் காயம். நீ அங்கிருந்தபடியே அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டாய்.

கொடுத்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். நம் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்று அப்பா உன்னிடம் போனில் கேட்டபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன், அதனால் நீ சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. "அது என்ன கோர்ட்டாப்பா? பொதுக்கூட்டம். நான் சட்டம் படிச்சவதானே, சொல்றேன், மனசுல பட்டதைப் பேசுங்க." அதற்குமேல் அந்த மனுஷன் யாரைக் கேட்பார்? மகளே வக்கீலுக்குப் படித்திருக்கும்போது காசு வாங்கும் வக்கீலிடம் போய் நிற்பது உனக்கு அவமரியாதை என்று நினைத்தார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார், பேச்சில் சட்டம் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் குரலை இறக்கிக்கொண்டார். சித்தப்பா வந்து, அண்ணே, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பேசிவிடாதீர்கள், பார்க்க வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள் என்றார். அப்பாதான் முதலில் சிரித்தார். எனக்குச் சித்தப்பாவை அறையலாம் போல இருந்தது.

அந்த அரங்கம் உனக்குப் பழகிய இடம், சரிவாக இறங்குகிற தரை, மடக்கு நாற்காலிகள், மேடையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பேசினார், அழகாகத்தான் பேசினார், முன்வரிசையில் இருவர் அழகாகத் தூங்கினார்கள். பிறகு அப்பா. முதலில் மைக்கை இடது கையால் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினார், பிறகு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது என்றார், அரங்கமே அசையாமல் கேட்டது. அவரை அவ்வளவு பேர் உட்கார்ந்து கேட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கேள்வி நேரத்தில் உன் வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, ரொம்ப மரியாதையாக, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நினைக்கிறீர்களா ஐயா என்று கேட்டாள். படித்தவர்கள் சபையில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று உன் அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. தடுப்பு இல்லாம ஓட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான்தான் சொல்லல." என்ன கைதட்டல் தெரியுமா. நீதிபதி எழுந்துவந்து அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கி, இவரல்லவா நேர்மையான மனுஷர் என்றார். நடுவரிசையில் ஆலையின் வக்கீல் உட்கார்ந்திருந்தார், கோர்ட் வராந்தாவில் பார்த்த அதே ஆள். அவரும் கைதட்டினார். தட்டி முடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பேச்சு பல்கலைக்கழகத்தின் வலைப்பக்கத்தில் ஏறியதும் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய ஆலைக்காரர்கள் அனுமதி கேட்டார்கள். நான் உன் பேராசிரியரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார், அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள் ஐயா என்று நான் கேட்டதும், இது பொதுமக்களுக்காக நடத்துவது, பொதுமக்களிடமிருந்து மறைக்க முடியாதே அம்மா என்று சிரித்தபடி சொன்னார். நீயோ, அதெல்லாம் சாட்சியத்தில் நிற்காது, பயப்படாதீர்கள் என்று செய்தி அனுப்பினாய். நின்றது. கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டினார்கள், கைதட்டல் உட்பட. அப்பா தன் குரல் வருகிற பக்கம் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஷ்டஈடு ரத்தானது. வெளியே வந்ததும் நம் வக்கீல் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவிடம், "வீட்டுலயே ஒரு வக்கீல் இருக்கும்போது நான் எதுக்குங்க?" என்று கேட்டார். அப்பா அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

தம்பி படிப்பை விட்டுவிட்டான். அதே ஆலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறான், இயந்திரத்துப் பக்கம் போவதில்லை என்று என்னிடம் சொல்கிறான், அவன் பொய் சொன்னால் காது சிவக்கும், சிவக்கிறது. உன்னைப் பற்றி அவன் பேசுவதில்லை. பேசினால் நன்றாக இருக்காது என்பதால் நானும் பேச விடுவதில்லை. அப்பா மட்டும், அவள் என்ன செய்வாள் பாவம், கேட்டது ஒருத்தி, சொன்னது நான், நடுவில் அவள் எங்கே வந்தாள் என்கிறார். அந்தப் பதிவை இன்னும் பார்க்கிறார், நீதிபதி கைகுலுக்கும் இடம்வரை பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார். அவர் உன்மேல் கோபப்படுவார் என்று காத்திராதே. அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

இப்போது போன வாரம் வந்த உன் கடிதத்துக்கு வருகிறேன். தீர்ப்பின் விவரத்தைப் பேராசிரியர் சொன்னார், பொதுமேடையில் சொன்னது கோர்ட்டில் சாட்சியாவது அபூர்வம், உன் ஆய்வுக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பொருத்தமானது, அங்கே உன் வழிகாட்டியும் ஆர்வமாக இருக்கிறார், ஒரு நகல் அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தாய். தம்பியைப் பற்றி ஒரு வரி விசாரித்திருந்தாய், தீர்ப்பைப் பற்றி ஒரு பக்கம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தன்னால் உனக்கு உபகாரம் ஆகிறதாம். தானே கோர்ட்டுக்குப் போய், நகல் கொடுக்கும் ஜன்னலில் நின்று வாங்கிவந்து, இடது கையால் நீவி நீவி மடித்து என்னிடம் கொடுத்தார். அனுப்பாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன், தபாலில் தொலைந்தது என்று சொன்னால் நம்பிவிடுவார். ஆனால் நீ படிக்காமல் தப்பித்துவிடக் கூடாது என்று தோன்றியது. அதனால் இதோடு வைத்திருக்கிறேன்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, நினைத்த பட்டத்தை வாங்கு, என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, அதில் குறைவைக்க எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறக்காதே. தீர்ப்பில் அப்பாவின் பெயர் முதல் பக்கத்தோடு சரி, அதற்கப்புறம் தொழிலாளி, தொழிலாளி என்றே போட்டிருக்கிறார்கள். தொழிலாளி தாமே ஒப்புக்கொண்டார், தொழிலாளியின் சொந்த அலட்சியம் என்று வரும். அந்த இடத்திலெல்லாம் தொழிலாளியை எடுத்துவிட்டு அப்பா என்று போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருமுறை வாய்விட்டுப் படி. அதற்குப் பிறகு உன் ஆய்வுக்கு எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா