அம்மா சொன்ன பதில்

அக்கா என்கிற அதிகப்பிரசங்கிக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: நம் வீட்டுக் குளியலறை வாளியின் கைப்பிடி இன்று காலை ஏழு மணிக்குக் காலமானது. நீ துக்கம் விசாரிக்க வர வேண்டாம். நாட்டை ஆள நிற்கும் அந்த அம்மையாருக்காக வீட்டைவிட்டே போய், நாளெல்லாம் போன் போட்டு ஓட்டுக் கேட்கிறவளுக்கு வாளி ஒரு பொருட்டா?

உங்கள் அம்மையார் தேறமாட்டார். தெருவில் விசாரித்துவிட்டேன். சலூன்காரர், "வீட்ல ஒருத்திக்குப் பதில் சொல்லியே தொண்டை வத்திப்போச்சு, இதுல நாட்டுக்கு வேறயா?" என்றார். அப்பாவோ டிவியில் அவர் முகம் வந்தாலே சேனலை மாற்றுகிறார்.

போன மாதம் நம் வீட்டுக்கே போன் செய்து ஓட்டுக் கேட்டாயே, அம்மா என்ன சொன்னாள்? "பொம்பளைக்கு எதுக்குடி நாடு? நீயே நின்னாலும் போட மாட்டேன்." பட்டென்று வைத்தாய். அன்றிலிருந்து அவளோடு பேச்சே இல்லை.

அது அம்மா இல்லை, நான். என்னிடம்கூடச் சொல்லாமல் போனாய் என்ற கோபம்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்த அம்மையாரின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். "அவ ஏன்டா கூப்பிடவே மாட்டேங்குறா?" என்று தினமும் என்னைத்தான் கேட்கிறாள்.

அம்மா குரலிலேயே கூப்பிட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நேற்று பேசிப் பார்த்தேன். உன்னையே ஏமாற்றிய குரல் உடைந்துபோய், தவளைச் சத்தம்தான் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அம்மாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
வாளிக் கைப்பிடியையும் உடைத்த தம்பி